பாவத்துக்கு ஒரு பைட்

1984ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் தேதி இங்கிலாந்தில் ஒரு கேசட் விற்பனைக்கு வந்தது. பார்ப்பதற்குப் பாட்டு கேசட் மாதிரியேதான் இருக்கும். டேப் ரிக்கார்டரைக் கணினியோடு வயரால் இணைத்து, ப்ளே பட்டனை அழுத்திவிட்டு, கீச்சென்ற சத்தத்தைச் சில நிமிடங்கள் பொறுத்துக்கொண்டால், கறுப்புத் திரையில் வெறும் கோடுகளாலான ஒரு விண்கலம் மெதுவாகச் சுழலும். விளையாட்டின் பெயர் எலீட். எழுதியவர்கள் கேம்பிரிட்ஜ் ஜீசஸ் கல்லூரி மாணவர்கள் இருவர்: டேவிட் பிரேபன், இயன் பெல்.

அந்தக் கேசட்டுக்குள் எட்டு கேலக்ஸிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் 256 கோள்கள், மொத்தம் 2,048. ஒவ்வொரு கோளுக்கும் ஒரு பெயர், ஓர் ஆட்சிமுறை, ஒரு பொருளாதாரம், மக்கள்தொகை, சந்தையில் 17 சரக்குகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. நடுவே கொள்ளையர்கள், போலீஸ், வியாபாரிகள், வேற்றுலகக் கப்பல்கள். அது ஓடிய பிபிசி மைக்ரோ என்ற கணினியில் இருந்த மொத்த மெமரி 32 கிலோபைட். திரையில் தெரியும் படத்துக்கே எட்டு கிலோபைட் போய்விடும். கணினி தன் சொந்த வேலைக்கு எடுத்துக்கொள்வதையும் கழித்தால், விளையாட்டுக்கு மிச்சம் சுமார் 22.

22 கிலோபைட் எவ்வளவு? காலையில் குடும்ப குரூப்பில் வரும் பூ போட்ட வாழ்த்துப் படம் அதைவிடப் பெரியது. நீங்கள் வாசிக்கும் இந்தக் கட்டுரையும்தான். யூனிகோடில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் குறைந்தது மூன்று பைட் கேட்கும். இதைச் சேமித்தால் பிபிசி மைக்ரோவின் மொத்த மெமரியும் போதாது.

எலீட்டின் இந்தச் சாதனையை வியந்து நிறைய எழுதப்பட்டிருக்கிறது. எனக்கும் அந்த வியப்பு உண்டு. ஆனால் அதன் நிரலைப் படிக்கப் படிக்க வேறொரு கேள்விதான் பெரிதாகிக்கொண்டே போனது. இவ்வளவு சின்ன இடத்தில் ஓர் உலகத்தை அடைக்கும்போது எது உள்ளே வருகிறது, எது வெளியே நின்றுவிடுகிறது? கோள்களை விடுங்கள். நல்லது கெட்டதை எத்தனை பைட்டில் எழுதினார்கள்?

*

முதலில் அந்தக் கணினியைப் பற்றிக் கொஞ்சம்.

1982 ஜனவரியில் பிபிசி தொலைக்காட்சி, பொதுமக்களுக்குக் கணினி என்றால் என்னவென்று சொல்லிக்கொடுக்கும் ஒரு தொடரை ஒளிபரப்பத் தொடங்கியது. தொடரைப் பார்ப்பவர்கள் கூடவே செய்துபார்க்க ஒரு கணினி வேண்டுமே! அதைச் செய்யும் வாய்ப்பு கேம்பிரிட்ஜிலிருந்த ஏகார்ன் என்ற சின்ன கம்பெனிக்குக் கிடைத்தது. பள்ளிகள் கணினி வாங்கினால் பாதி விலையை பிரிட்டிஷ் அரசு கொடுக்கும் என்றொரு திட்டமும் இருந்தது. ஆக, பிபிசி மைக்ரோ என்பது பொது ஒளிபரப்பு நிறுவனமும் பொதுப்பணமும் சேர்ந்து பள்ளிக்கூட மேசைகளில் கொண்டுபோய் வைத்த பெட்டி. நம் மத்திய அரசு 1984-85இல் தொடங்கிய ‘கிளாஸ்’ என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்கு வந்ததும் இதே பெட்டிதான். அதே ஏகார்ன் பிற்பாடு வடிவமைத்த ஆர்ம் என்ற சிப்பின் வாரிசுதான், அநேகமாக, இப்போது உங்கள் கையிலிருக்கும் போனில் ஓடிக்கொண்டிருப்பது.

எனக்கு அந்தப் பெட்டியைத் தொடும் வாய்ப்பு கிடைத்ததில்லை. எலீட்டை நான் பிரவுசரில் ஓடும் எமுலேட்டரில்தான் விளையாடியிருக்கிறேன். ஆனால் எட்டு பிட் சிப் எனக்குப் பழக்கம். பொறியியல் கல்லூரியில் மைக்ரோபிராசசர் லேப் என்று ஒன்று உண்டு, படித்தவர்களுக்குத் தெரியும். 8085 கிட்டின் ஹெக்ஸ் கீபேடில் கட்டளைகளை எண் எண்ணாகத் தட்டி, இரண்டு எண்களைக் கூட்டிக் காட்டி, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கினால் அன்றைய வேலை முடிந்தது. பிபிசி மைக்ரோவின் 6502 சிப்பும் கிட்டத்தட்ட அந்த ஜாதிதான். அதற்குப் பெருக்கல்கூடத் தெரியாது. கூட்டும், கழிக்கும், பிட்டுகளை ஒரு பக்கமாகத் தள்ளும். இவ்ளோதான். இதை வைத்துக்கொண்டு எலீட் நிரலைப் படிக்கும்போது எனக்கு வருவது ஒருவித கூச்சம் கலந்த சந்தோஷம்.

*

எலீட்டுக்கு முன்பு விண்வெளி விளையாட்டு என்றால் சுட வேண்டும், அவ்வளவுதான். மூன்று உயிர், ஒரு ஸ்கோர், பத்து நிமிடத்தில் ஆட்டம் காலி. இந்த வடிவத்துக்கு ஒரு காரணம் இருந்தது. வீடியோ கேம் வளர்ந்த இடம் ஆர்கேட். அங்கே நீங்கள் சீக்கிரம் செத்தால்தான் அடுத்த காசு விழும். சாவு அங்கே வியாபாரத் தேவை. வீட்டுக் கணினியில் காசு போடும் ஓட்டை கிடையாது. ஆனாலும் பழக்கதோஷத்தில் வீட்டு விளையாட்டுகளும் அப்படியே வந்துகொண்டிருந்தன.

பிரேபனும் பெல்லும் தங்கள் விளையாட்டை முதலில் தார்ன் இஎம்ஐ நிறுவனத்திடம் காட்டினார்கள். அவர்கள் கேட்டது அதே பழைய சங்கதிகளை: மூன்று உயிர் எங்கே, ஸ்கோர் எங்கே, ஏன் ஆட்டம் முடியவே மாட்டேன் என்கிறது? அங்கே நடக்கவில்லை. பிறகு ஏகார்ன்சாஃப்ட் எடுத்துக்கொண்டது.

ஸ்கோரை எடுத்தாகிவிட்டது. அப்படியென்றால் விளையாடுபவன் எதற்காக விளையாட வேண்டும்? சுடுவது மட்டும் சீக்கிரம் அலுத்துவிடும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. அவர்கள் கண்டுபிடித்த பதில் பணம். லேவ் என்ற கோளில், கையில் நூறு கிரெடிட்டோடும், 20 டன் பிடிக்கும் ஒரு கப்பலோடும் உங்களை இறக்கிவிடுவார்கள். விவசாயக் கோளில் உணவு வாங்கித் தொழிற்சாலைக் கோளில் விற்கலாம். திரும்பும்போது கணினிகளை ஏற்றிவரலாம். லாபத்தில் நல்ல லேசர் வாங்கலாம். கொள்ளையனாகலாம், கொள்ளையரை வேட்டையாடலாம். யாரும் உங்களிடம் இதைச் செய் என்று சொல்ல மாட்டார்கள். இன்றைக்கு ‘ஓப்பன் வேர்ல்ட்’ என்று பெட்டியில் அச்சடித்து விற்கிறார்களே, அதன் பாட்டன் இது.

*

2,048 கோள்களை எப்படி அடைத்தார்கள் என்ற கணக்கைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பயப்பட வேண்டாம், கூட்டல் தெரிந்தால் போதும்.

ஒரு கோளின் பெயர், இடம், மக்கள்தொகை இத்யாதிகளுக்குக் கஞ்சத்தனமாக 20 பைட் என்று வைத்துக்கொண்டாலும், 2,048 கோள்களுக்கு 40 கிலோபைட். கணினியின் மொத்த மெமரியே 32. ஆகவே அவர்கள் எந்தக் கோளையும் சேமிக்கவில்லை. சேமித்தது ஒரு விதையை. மூன்று எண்கள், ஒவ்வொன்றும் இரண்டு பைட், மொத்தம் ஆறு பைட்.

மூன்று எண்களையும் கூட்டுங்கள். முதல் எண்ணை விட்டுவிட்டு, கூட்டி வந்ததைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு 3, 5, 8 என்றால் கூட்டுத்தொகை 16. இப்போது 5, 8, 16. மறுபடி கூட்டினால் 29. இப்போது 8, 16, 29. கூட்டுத்தொகை 65,535ஐத் தாண்டினால், பழைய ஸ்கூட்டர் மீட்டர் சுற்றிப் பூஜ்யத்துக்கு வருவதுபோல வந்துவிடும். நான்கு முறை இப்படிச் செய்தால் அடுத்த கோளின் விதை தயார். அந்த 48 பிட்டுகளில் இந்த இடத்தில் மூன்று பிட்டைப் பார்த்தால் ஆட்சிமுறை, அந்த இடத்தில் மூன்றைப் பார்த்தால் பொருளாதாரம். பெயருக்கு, இரண்டிரண்டு ஆங்கில எழுத்துகளாக ஒரு சின்னப் பட்டியல். எல்-ஏ, வி-இ என்ற இரண்டு ஜோடி சேர்ந்தால் லேவ். டி-ஐ, எஸ்-ஓ சேர்ந்தால் டிசோ. அடுத்த கேலக்ஸிக்குப் போக, விதையின் ஒவ்வொரு பைட்டையும் ஒரு பிட் சுழற்றினால் போதும். ஒரு பைட்டுக்கு எட்டு பிட். எட்டு முறை தாவினால் முதல் கேலக்ஸிக்கே வந்து நிற்பீர்கள்.

நீங்கள் ஒரு கோளை விட்டுக் கிளம்பினால் அது இல்லாமல் போய்விடும். திரும்பி வந்தால் அதே கணக்கு, அதே விடை, அதே கோள். எங்குமே எழுதிவைக்கப்படாத ஊர், ஒவ்வொரு முறையும் அச்சு அசலாகத் திரும்ப வரும்.

48 பிட் என்றால் விதைகளின் எண்ணிக்கை இரண்டைத் தன்னால் 48 முறை பெருக்கிய தொகை. நம் கணக்கில் சுமார் 2.8 கோடி கோடி. அவ்வளவு கேலக்ஸிகளையும் கொடுத்துவிடலாம் என்றுதான் இருவரும் முதலில் நினைத்தார்கள். ஏகார்ன்சாஃப்ட் வேண்டாமென்றது. அவ்வளவு கொடுத்தால் எல்லாம் ஒரே மாதிரி இருப்பது தெரிந்துவிடும், மாயம் கலைந்துவிடும். எட்டு போதும். எந்த எட்டு என்று பொறுக்கும் வேலை மனிதக் கண்ணுக்கு வந்தது. ஒரு கேலக்ஸியில் ஒரு கோளின் பெயர் ஆங்கிலத்தில் பின்புறத்தைக் குறிக்கும் கொச்சைச் சொல்லாக அமைந்துவிட, அந்த கேலக்ஸியையே தூக்கிப்போட்டதாக பிரேபன் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு பெயரை மட்டும் திருத்தக்கூடாதா என்று கேட்கலாம். கூடாது. எழுதிவைத்த பெயராக இருந்தால்தானே திருத்த முடியும்.

மெமரியில் இடம் கிடைக்காத இன்னொன்று கதை. அதற்குக் காகிதம் இருந்தது. எலீட் பெட்டிக்குள் கேசட்டோடு ஒரு பயிற்சிக் கையேடும், ராபர்ட் ஹோல்ட்ஸ்டாக் எழுதிய ‘தி டார்க் வீல்’ என்ற குறுநாவலும் வைத்திருந்தார்கள். ஹோல்ட்ஸ்டாக் சும்மா விளம்பரத்துக்கு எழுதுபவர் அல்ல. அவருடைய ‘மைதாகோ வுட்’ அடுத்த ஆண்டே உலக ஃபேன்டசி விருது வாங்கியது. அந்தக் குறுநாவலில் ராக்ஸ்லா என்றொரு மர்ம இடம் பெயரளவில் வந்துபோகும். கையேட்டில், தலைமுறை தலைமுறையாகப் பயணிக்கும் ராட்சதக் கப்பல்களைப் பற்றி ஒரு குறிப்பு வரும். இரண்டுமே நிரலில் கிடையாது. ஆனாலும் பிள்ளைகள் மாதக்கணக்கில் தேடியிருக்கிறார்கள். பூஜ்யம் பைட்டில் ஒரு தொன்மம். இலக்கியம் வாசிக்கிறவர்கள் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

*

இனி நான் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

எலீட்டில் எட்டு வகை ஆட்சிகள் உண்டு. மூன்று பிட்டில் எட்டு எண்கள்தான் எழுத முடியும், 0 முதல் 7 வரை. வரிசை இது: அரசின்மை 0, நிலப்பிரபுத்துவம் 1, பல அரசுகள் 2, சர்வாதிகாரம் 3, கம்யூனிசம் 4, கூட்டமைப்பு 5, ஜனநாயகம் 6, கார்ப்பரேட் அரசு 7.

வெறும் பட்டியல் என்றால் வரிசைக்கு அர்த்தமில்லை. ஆனால் இந்த எண் கணக்குக்குள் போகிறது. ஒரு கோளின் உற்பத்தியைக் கணக்கிடும் சூத்திரத்தில் ஆட்சி எண்ணோடு நான்கைக் கூட்டிப் பெருக்குகிறார்கள். லேவ் ஒரு சர்வாதிகாரம், எண் 3, நான்கைக் கூட்டினால் 7. பொருளாதாரத்துக்கு 5, மக்கள்தொகைக்கு 25, கடைசியில் ஒரு 8. பெருக்கிப் பாருங்கள்: 5 × 7 × 25 × 8 = 7,000. திரையில் லேவின் உற்பத்தி என்று வருவது இந்த 7,000தான். மற்ற எண்கள் அப்படியே இருக்க, லேவ் ஜனநாயகமாக மாறினால் 10,000. கார்ப்பரேட் அரசானால் 11,000. வழியில் எத்தனை கொள்ளையர்கள் வருவார்கள் என்பதும் இதே எண்ணை ஒட்டித்தான். 0 இருக்கும் ஊரில் மொய்ப்பார்கள், 7 இருக்கும் ஊரில் நிம்மதியாக வியாபாரம் பார்க்கலாம்.

ஜனநாயகத்துக்கு மேலே கார்ப்பரேட் அரசு. ஒரு வகையில் அரசியல் தத்துவம், மூன்று பிட்டில்.

1984 பிரிட்டனை நினைத்துக்கொள்ளுங்கள். மார்கரெட் தாட்சர் பிரதமர். மார்ச்சில் தொடங்கிய சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் எலீட் வெளியானபோது நடந்துகொண்டிருந்தது. அது அடுத்த மார்ச்சில் தோல்வியில் முடிந்தது. நவம்பரில் அரசின் பிரிட்டிஷ் டெலிகாம் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. அந்த இலையுதிர் காலத்தில், பொதுப்பணம் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்த கணினியில், பதின்வயதுப் பிள்ளைகள் தனியாளாக, சங்கமில்லாமல், குடும்பமில்லாமல், ஒரு கப்பலோடு வாங்கி விற்றுக்கொண்டிருந்தார்கள். பிரான்சிஸ் ஸ்பஃபோர்டு போன்ற எழுத்தாளர்கள் எலீட்டை அந்தக் காலத்தின் குழந்தையாக வாசித்திருக்கிறார்கள். அந்த வாசிப்பில் நியாயம் இருக்கிறது.

ஆனால் ஒரு ப்ரோகிராமராக எனக்கு இன்னொரு காரணமும் கண்ணில் படுகிறது. எலீட்டில் உங்கள் பணம் முழுவதும் நான்கு பைட். ஒரு கூட்டல், ஒரு கழித்தல், வேறெதுவும் வேண்டாம். நட்பை எத்தனை பைட்டில் எழுதுவீர்கள்? யாரோடு, எப்போதிருந்து, எதனால் முறிந்தது, எப்படித் துளிர்த்தது என்று ஒவ்வொன்றுக்கும் இடம் வேண்டும். ஊர்ப்பாசத்துக்கு அந்த ஊர் உங்களை ஞாபகம் வைத்திருக்க வேண்டும். கிளம்பியதும் காணாமல் போகும் கோளால் அது முடியாது. மனிதர்கள் விரும்பும் பொருட்டு வாழும் அத்தனை காரணங்களிலும் மெமரியில் மிகக் குறைவாக இடம் பிடிப்பது பணம். இரண்டு மாணவர்கள் சந்தைப் பொருளாதாரத்தைப் பிரச்சாரம் செய்ய உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. இடம் இறுகும்போது கடைசிவரை தாக்குப்பிடிப்பது அதுவாகத்தான் இருக்கும்.

*

சந்தைப் பட்டியலின் 17 சரக்குகளில் முதலாவது உணவு. இரண்டாவது துணி. மூன்றாவது கதிரியக்கப் பொருட்கள். நான்காவது அடிமைகள்.

ஆம், மனிதர்கள். அளவு டன்னில். உணவு போலவே விலை, உணவு போலவே இருப்பு. நீங்கள் ஒரு கப்பலைச் சுட்டு, அதன் மாலுமி உயிர்தப்பும் கூண்டில் வெளியேறி மிதக்கும்போது அவரை அள்ளிக்கொண்டால், சரக்கறைக் கணக்கில் அவர் சேர்வது இந்த நான்காவது வரியில்தான். காப்பாற்றப்பட்டவர் என்றொரு வரி பட்டியலில் கிடையாது.

அடிமைகள், போதைப்பொருள், துப்பாக்கிகள் மூன்றும் சட்டவிரோதம் என்று கையேடு சொல்கிறது. சட்டம் நிரலில் எப்படி இருக்கிறது? எலீட்டின் மூல நிரல் இன்று யாரும் படிக்கலாம். மார்க் மாக்ஸன் என்பவர் அதன் ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் எழுதி இணையத்தில் வைத்திருக்கிறார். உரையாசிரியர் வேலை என்றே சொல்ல வேண்டும். அதில் ‘பேட்’ என்று பெயரிட்ட ஒரு குட்டிப் பகுதி வருகிறது. கெட்டவன் என்று பொருள். அது செய்வது இவ்வளவுதான்: உங்களிடமுள்ள அடிமைகளின் டன்னையும் போதைப்பொருளின் டன்னையும் கூட்டு, இரண்டால் பெருக்கு, துப்பாக்கிகளின் டன்னைச் சேர். ஒரு டன் மனிதர்களும் ஒரு டன் போதைப்பொருளும் சமம். ஒரு டன் துப்பாக்கி அதில் பாதி.

நிலையத்தைவிட்டு நீங்கள் கிளம்பும்போது இந்த எண் உங்கள் பெயரிலுள்ள ஒரு பைட்டுக்குள் போகிறது. அந்த ஒரே பைட்தான் உங்கள் ஒழுக்கம். பூஜ்யம் என்றால் சுத்தமானவர். 1 முதல் 49 வரை குற்றவாளி. 50 ஆகிவிட்டால் தேடப்படுபவர். இப்போது கணக்குப் போடுங்கள். 20 டன் சரக்கறையையும் அடிமைகளால் நிரப்பினால் 40. தேடப்படுபவர் ஆகமாட்டீர்கள். ஒரே ஒரு போலீஸ் கப்பலைச் சுட்டு வீழ்த்தினால் 64 வந்து உட்கார்ந்துவிடும்.

இதை எழுதிய இருவரும் அடிமை வியாபாரத்தைவிடப் போலீஸைச் சுடுவது பெரிய பாவம் என்று உட்கார்ந்து விவாதித்து முடிவெடுத்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. இருக்கும் பைட்டில் எந்தப் பிட் காலியாக இருக்கிறது, எந்தக் கூட்டல் மலிவாக முடியும் என்று பார்த்திருப்பார்கள். அதுதான் எனக்கு உறுத்துவது. ஒரு சட்டம் இப்படியும் பிறக்கலாம். யாரும் தீமை நினைக்காமல், எது எழுத எளிதோ அது நீதியாகிவிடும். பிறகு அதை லட்சம் பேர் விளையாடுவார்கள்.

பிற்பாடு நின்டென்டோவின் என்இஎஸ் கருவிக்கு எலீட் போனபோது இந்தப் பட்டியல் தணிக்கைக்கு உள்ளானது. அடிமைகள் ‘ரோபோ அடிமைகள்’ ஆனார்கள். போதைப்பொருள் ‘அரிய உயிரினங்கள்’ ஆனது. கணக்கில் மாற்றமில்லை. பெயர்ப்பலகை மட்டும்தான் மாறியது.

*

அதே பைட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

ஒரு கோளிலிருந்து இன்னொரு கோளுக்கு நீங்கள் தாவும்போது, புதிய சூரியனையும் கோளையும் கணக்கிட்டு வைக்கும் பகுதியில் ஒரு கட்டளை இருக்கிறது. எல்எஸ்ஆர் என்று பெயர். எண்ணிலுள்ள பிட்டுகளை எல்லாம் ஓரிடம் வலப்பக்கம் தள்ளும். பத்தடிமான எண்ணில் கடைசி இலக்கத்தை உதிர்த்தால் எண் பத்தால் வகுபடுவது போல, இங்கே இரண்டால் வகுபடும். அந்தக் கட்டளை செயல்படுவது உங்கள் ஒழுக்க பைட்டின் மீது.

அதாவது ஒவ்வொரு தாவலிலும் உங்கள் குற்றம் பாதியாகிறது. போலீஸைச் சுட்டு 64 வாங்கிய ஆள், அடுத்த ஊரில் 32. பிறகு 16, 8, 4, 2, 1. ஏழாவது தாவலில் பூஜ்யம். வேறு தப்புத்தண்டாவுக்குப் போகாமலிருந்தால், ஏழு ஊர் தாண்டி நீங்கள் சுத்தமானவர். மூன்று பைட் நீளமுள்ள ஒரு கட்டளை, அவ்வளவுதான்.

ஏன் இப்படி வைத்தார்கள்? எனக்குப் புரிவது இது. நியாயப்படி பார்த்தால் எந்த ஊரில் தப்பு செய்தீர்களோ அந்த ஊர் அதை ஞாபகம் வைத்திருக்க வேண்டும். அதற்கு ஒரு கேலக்ஸிக்கு 256 பைட் வேண்டும். அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது? ஆகவே எல்லா ஊருக்கும் பொதுவாக ஒரே பைட், தூரம் போகப் போகத் தேய்வது போல ஒரு பாவனை. சிக்கனம்தான் காரணமாக இருந்திருக்கும். ஆனால் அந்தச் சிக்கனத்தில் நமக்குத் தெரிந்த ஒன்று வந்துவிட்டது. ஊர்விட்டு ஊர் போனவர்களை எல்லோருக்கும் தெரியும். ஏதோ ஒரு கெட்ட பெயரோடு ராத்திரி பஸ் ஏறி, திருப்பூரிலோ மும்பையிலோ இறங்கி, பத்து வருடத்தில் மரியாதையான மனிதராக ஆனவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. போன இடத்தில் அவர்களுடைய பழைய எண் யாரிடமும் இல்லை. அதனால்தான் ஆக முடிந்தது.

நான் பிழைப்புக்குச் செய்யும் வேலையில் இந்த மாதிரி எண்களோடுதான் புழங்குகிறேன். டெலிவரி ஊழியருக்கு ஒரு ரேட்டிங், கடன் கேட்பவருக்கு ஒரு ஸ்கோர், கணக்கு தொடங்குபவருக்கு ஒரு நம்பகத்தன்மை மதிப்பெண். சில வருடங்களுக்கு முன் ஒரு திட்டத்தில் ஒரு கேள்வி எழுந்தது. ஒருவர்மேல் விழும் கெட்ட குறி எவ்வளவு காலம் நீடிக்க வேண்டும்? அறையில் கிடைத்த பதில் எளிமையானது: ஸ்டோரேஜ் ரொம்ப சீப், இருந்துட்டுப் போகட்டும். யாரும் கொடூரமாகப் பேசவில்லை. டீ குடித்துக்கொண்டே பேசி, அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டோம்.

1984இல் இடம் இல்லாததால் மறந்தார்கள். இப்போது இடம் இருப்பதால் மறப்பதில்லை. இரண்டு முடிவையும் எடுத்தது மெமரியின் விலை. மறதியை யாராவது கேட்டு வாங்கினால் ஒழிய, மலிவான ஹார்ட் டிஸ்க்கிலிருந்து அது தானாக வரப்போவதில்லை.

2014இல் பிரேபனின் நிறுவனம் ‘எலீட் டேஞ்சரஸ்’ என்ற அடுத்த தலைமுறை விளையாட்டை வெளியிட்டது. எட்டு கேலக்ஸிகளுக்குப் பதிலாக நம் பால்வெளியே அதில் உண்மையான அளவில் இருக்கிறது. 40,000 கோடி நட்சத்திர அமைப்புகள். மெமரிக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் நீங்கள் ஒரு சின்னக் கப்பலோடு கிளம்பி, மலிவாக வாங்கி, விலைக்கு விற்று, பெரிய கப்பல் வாங்குவீர்கள். அடிமைகள் அங்கும் சரக்குதான். இடநெருக்கடியில் பிறந்த பழக்கம், வீடு பெரிதான பிறகும் போகவில்லை. நம்முடைய செயலிகளும் அப்படித்தான். நட்புக்கு, ஊருக்கு, மனமாற்றத்துக்கு இடம் ஒதுக்கும் அளவுக்கு இன்று எங்களிடம் மெமரி இருக்கிறது. நாங்கள் இன்னும் ஒரு மனிதரை ஒரே எண்ணாகத்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம், அதுவும் பாதியாகாத எண்ணாக.

எலீட் விளையாட இப்போது பிபிசி மைக்ரோ வேண்டியதில்லை. எமுலேட்டர் இருந்தால் பிரவுசரே போதும். தொடங்கியதும் லேவ் நிலையத்தில் இருப்பீர்கள். சந்தைப் பட்டியலைத் திறந்து நான்காவது வரியைப் பாருங்கள். விலை எழுதியிருக்கும். இருப்பு உள்ள ஊரில் நூறு கிரெடிட்டில் சில டன் வாங்கலாம். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் திரையில் எந்த மாற்றமும் தெரியாது, இசை மாறாது, யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துவிட்டு, உணவை மட்டும் ஏற்றிக்கொண்டு நான் கிளம்புவது வழக்கம். அந்த முடிவைப் பதிந்துவைக்க அந்தக் கணினியில் ஒரு பைட்கூடக் கிடையாது.